40 வருஷப் பழைய கமடோர் 64 வீட்டில் இருக்கா? ஆன் பண்ணும் முன் இதைப் படிங்க!

அடர் நீலத் திரை, வெளிர் நீல எழுத்து. மேலே "64கே ராம் சிஸ்டம், 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்று ஒரு வரி. கீழே "ரெடி" என்ற ஒற்றைச் சொல், அதற்கடுத்து மின்னிக்கொண்டே இருக்கும் ஒரு சதுரம். 1980-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, கம்ப்யூட்டர் என்றாலே நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

அந்த மெஷினின் பெயர் கமடோர் 64. பரணிலும் ஸ்டோர் ரூமிலும் தூங்கிக் கொண்டிருந்த இந்தப் பெட்டிகளை இப்போது பலரும் தூசி தட்டி எடுக்கிறார்கள். எஸ்டி கார்டு, வைஃபை, எச்டிஎம்ஐ என்று இன்றைய வசதிகளை எல்லாம் அதில் மாட்டி ஓட வைக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம். ஆசையோடு எடுத்து, "சும்மா ஒருமுறை ஆன் பண்ணிப் பார்ப்போமே" என்று பிளக்கில் செருகிய அந்த ஒரு நொடியில், அதுவரை நன்றாக இருந்த மெஷின் செத்துப் போன கதைகள் ஏராளம். ஏன் அப்படி? வாங்க பார்ப்போம்.

முதலில், இது என்ன மெஷின்?

1982 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. விலை 595 டாலர். கீபோர்டுதான் கம்ப்யூட்டர், உள்ளேயே மதர்போர்டு, பின்னால் டிவிக்கு ஒரு வயர். மானிட்டர் தனியாக வேண்டாம், வீட்டு டிவியே போதும்.

நினைவகம் 64 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'குட் மார்னிங்' படம் ஒன்றே பெரும்பாலும் இதைவிடப் பெரியது. ஆனாலும் அந்த விலைக்கு 64 கிலோபைட் என்பது அப்போது போட்டியாளர்களை மிரள வைத்தது. சிப் தயாரிக்கும் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் கமடோரின் கையிலேயே இருந்ததுதான் காரணம். மற்றவர்கள் வெளியே காசு கொடுத்து வாங்கிய சிப்பை இவர்கள் அடக்க விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

1994 ஏப்ரலில் கமடோர் திவாலாகும் வரை இது சந்தையில் இருந்தது. மொத்த விற்பனை 1.25 கோடியில் இருந்து 1.7 கோடி வரை இருக்கும் என்கின்றன மதிப்பீடுகள். (நம்ம நாட்டுப் பள்ளிகளுக்கு 1984-ல் 'கிளாஸ்' திட்டத்தில் வந்தது இது இல்லை, அது பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

பிளக்கில் செருகினால் ஏன் ஆபத்து?

வில்லன் மெஷின் இல்லை. அதோடு வந்த பவர் அடாப்டர்.

கனமான, செங்கல் மாதிரியான ஒரு பெட்டி. அதிலிருந்து மெஷினுக்கு இரண்டு வகை மின்சாரம் போகிறது. ஒன்று 5 வோல்ட் டிசி, இன்னொன்று 9 வோல்ட் ஏசி. இதில் 5 வோல்ட்டை அளவாக வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரெகுலேட்டர். அந்தச் செங்கலுக்குள் முழுக்க எபாக்ஸி பிசினை ஊற்றி இறுக்கி வைத்திருக்கிறார்கள். சூடு வெளியே போக வழியில்லை; கழற்றி ரிப்பேர் பண்ணவும் முடியாது.

வருடக்கணக்கில் சூட்டில் வெந்த ரெகுலேட்டர் பழுதாகும்போது, மின்சாரத்தை நிறுத்தாது. மாறாக, 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பத் தொடங்கும். 6, 7 வோல்ட் என்று ஏறும். மெஷினில் இருக்கும் மெமரி சிப்புகளுக்கு 5.25 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஆபத்து ஆரம்பம். ஃபியூஸ் காப்பாற்றாதா என்றால், காப்பாற்றாது. மெஷினுக்குள் இருக்கும் ஃபியூஸ் 9 வோல்ட் ஏசி பாதைக்கு மட்டும்தான்; 5 வோல்ட் பாதை நேராக சிப்புகளுக்குப் போகிறது.

மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போடலாமே? அளக்கலாம். அளவு தப்பாகக் காட்டினால் அடாப்டர் கெட்டது என்று உறுதி. ஆனால் சரியாகக் காட்டினால் நல்லது என்று உறுதி இல்லை. லோடு இல்லாதபோது 5 வோல்ட் காட்டும் அதே அடாப்டர், அரை மணி நேரம் ஓடி சூடானதும் புத்தியைக் காட்டும்.

ஆகவே முதல் செலவு எஸ்டி கார்டுக்கோ வைஃபைக்கோ இல்லை. புது பவர் சப்ளைக்கு. இந்த மெஷினுக்கென்றே இப்போதும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். பழைய அடாப்டரைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்களுக்கு, நடுவில் மாட்டும் ஒரு பாதுகாப்புச் சாதனம் இருக்கு. வோல்டேஜ் எல்லை மீறினால் உடனே துண்டித்துவிடும். அதுகூட இல்லாமல் பழைய செங்கலை நம்புவது, சரியாகச் சொன்னால், சூதாட்டம்.

மொபைல் சார்ஜரை வெட்டி 5 வோல்ட் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 9 வோல்ட் ஏசி இல்லாமல் பழைய மாடலில் படமே வராது. அந்த போர்டுகளில் வீடியோ சிப்புக்கான மின்சாரமே 9 வோல்ட் பாதையில் இருந்துதான் எடுக்கப்படுகிறது.

அமெரிக்காவில் இருந்து வந்த மெஷினா? அப்போ இன்னொரு எச்சரிக்கை. அதன் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது. டிஸ்க் டிரைவும் அப்படித்தான். அதன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கு. நம்ம 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான்.

ஆன் பண்ணினால் கருப்புத் திரை. என்ன பண்ணலாம்?

நல்ல பவர் சப்ளை மாட்டியும் திரை கருப்பாகவே இருக்கிறதா? மனசு விட வேண்டாம். இந்த மெஷினின் பெரிய பலம், பெரும்பாலான சிப்புகள் கண்ணால் பார்க்கிற அளவில் தனித்தனியாக இருப்பது.

முதலில் அந்த ஃபியூஸ். அதில் பிரச்சினை இல்லை என்றால், அடுத்த சந்தேகம் 'பிஎல்ஏ' என்ற சிப். எந்தச் சிப் எப்போது பேச வேண்டும் என்று வழிகாட்டும் டிராஃபிக் போலீஸ் மாதிரியான வேலை அதற்கு. பழைய மாடல்களில் அதிகம் சூடாகி, அதிகம் சாகிற சிப்புகளில் ஒன்று இது. இதற்குப் புதிய மாற்றுச் சிப்புகள் கிடைக்கின்றன.

அதற்கடுத்து மெமரி. எட்டு ராம் சிப்புகளில் ஒன்று போனாலும் திரை வராது. எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க 'டெட் டெஸ்ட்' என்று ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு. அதைச் செருகி ஆன் பண்ணினால் திரை மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் எந்தச் சிப் என்று தெரிந்துவிடும். திரையில் எழுத்து வராத நிலையிலும் மெஷின் தன் வியாதியைச் சொல்ல ஒரு வழி!

சிப்பைக் கழற்றி மாற்ற சால்டரிங் அனுபவம் வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் பழைய போர்டில் கற்றுக்கொள்ள முயற்சிக்க வேண்டாம். செம்புக் கோடு பிய்ந்து வந்துவிடும். எல்இடி டிவி போர்டு ரிப்பேர் பண்ணும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால், சிப் நம்பரைச் சொன்னாலே போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

எஸ்டி கார்டு வாங்கும் முன் ஒரு வேலை

இந்த இடத்தில் பெரும்பாலானோர் நேராகப் புது ஸ்டோரேஜுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் கருத்து வேறு. பெட்டியோடு பழைய ஃபிளாப்பி டிஸ்குகள் இருந்தால், முதலில் அவற்றைப் பாருங்க.

கேம்கள் போனால் போகட்டும், அவை எங்காவது பிரதி இருக்கும். ஆனால் அப்பாவோ அக்காவோ டைப் அடித்த கடிதம், பள்ளியில் எழுதிய புரோகிராம், சின்ன வயதில் சேமித்த ஓவியம்... இதெல்லாம் உலகத்தில் அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். காந்தப் பூச்சு 40 வருடத்தில் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. தள்ளிப் போட்டால் திரும்பக் கிடைக்காத ஒரே விஷயம் இதுதான்.

இதற்கு 'ஜூம்ஃபிளாப்பி' என்ற சின்ன யுஎஸ்பி போர்டு உதவும். ஒரு பக்கம் பழைய டிஸ்க் டிரைவ், மறுபக்கம் உங்க லேப்டாப். ஒரு டிஸ்கின் முழு உள்ளடக்கமும் ஒரே ஃபைலாக வந்துவிடும். அளவு 1,74,848 பைட். அவ்வளவுதான், ஒரு முழு டிஸ்க்!

காப்பி எடுக்கும் முன் மூன்று கவனம். ஒன்று, டிஸ்கை எடுத்து நடு ஓட்டையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்க. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். கடற்கரை ஊர்களில் இருந்த டிஸ்க் என்றால் இதைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம். இரண்டு, டிரைவின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்க. மூன்று, டிஸ்கின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தை ஒரு துண்டு டேப் ஒட்டி மூடுங்க. ஆடியோ கேசட்டில் ஓட்டை திறந்திருந்தால் அழியாது. இதில் நேர் எதிர், பள்ளம் மூடியிருந்தால்தான் அழியாது.

டிரைவ் ஏன் அவ்வளவு மெதுவா?

கமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் விசித்திரமான பிராணி. அதற்குள் தனியாக ஒரு பிராசசரும் 2 கிலோபைட் நினைவகமும் இருக்கு. அதாவது, டிரைவே ஒரு தனிக் கம்ப்யூட்டர். ஆனால் வேகமோ நொடிக்கு 400 பைட் அளவுதான். 40 கிலோபைட் கேம் ஒன்றை ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். டேப்பில் என்றால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

இந்த ஆமை வேகத்துக்குக் காரணம் முந்தைய மாடலான விக்-20-யில் வந்த ஒரு சிப் கோளாறு. தகவலை வரிசையாக அனுப்ப வேண்டிய வன்பொருள் சரியாக வேலை செய்யாததால், அந்த வேலையை பிராசசரே பிட் பிட்டாகச் செய்யும்படி மென்பொருளில் மாற்றினார்கள். கமடோர் 64-ல் சிப் சரியானது. ஆனால் பழைய டிரைவுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும், போர்டில் விடுபட்டுப்போன இணைப்பும் சேர்ந்து வேகத்தைக் கொன்றுவிட்டன.

எஸ்டி கார்டு: மூன்று வழி, மூன்றும் ஒன்றல்ல

மலிவானது 'எஸ்டி2ஐஇசி'. தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. டிரைவ் மாட்டும் இடத்தில் மாட்டி, எஸ்டி கார்டில் ஆயிரக்கணக்கான டிஸ்குகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்போது கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கு. இது 1541 மாதிரி நடிக்கும். ஆனால் அதற்குள் இருந்த அந்தத் தனி பிராசசர் இதில் இல்லை. பல கேம்கள், வேகத்துக்காகத் தங்கள் சொந்தக் கோடை டிரைவின் பிராசசருக்கு அனுப்பி ஓட வைக்கும். அந்தக் கேம்கள் இதில் பாதியில் நின்றுவிடும். "கார்டு கெட்டுப் போச்சு" என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்கள் அதிகம். கார்டில் கோளாறு இல்லை.

இரண்டாவது 'பை1541'. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்க போர்டில் ஓடும் மென்பொருள். 1541-இன் பிராசசர் உட்பட எல்லாவற்றையும் நொடி பிசகாமல் அப்படியே நகல் செய்கிறது. அதனால் எஸ்டி2ஐஇசி-யில் நின்றுபோகும் கேம்களும் இதில் ஓடும். வீட்டில் சும்மா கிடக்கும் பை போர்டு இருந்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது '1541 அல்டிமேட் 2 பிளஸ்' கார்ட்ரிட்ஜ். நெதர்லாந்தைச் சேர்ந்த கிடியோன் ஸ்வைட்சர் உருவாக்கியது. டிஸ்க் டிரைவ், கூடுதல் நினைவகம், நெட்வொர்க் எல்லாம் ஒரே கார்ட்ரிட்ஜில். அந்தக் காலத்தில் கமடோரே விற்ற நினைவக விரிவாக்கம் அதிகபட்சம் 512 கிலோபைட். இது 16 மெகாபைட் தருகிறது. விலையும் அதற்கேற்ற மாதிரி. முதல் நாளே இதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இவற்றில் சில மெஷினின் அதே 5 வோல்ட்டில் இருந்துதான் மின்சாரம் இழுக்கும். பழைய செங்கல் அடாப்டரால் தர முடிந்தது 1.5 ஆம்பியர் அளவு. புது அடாப்டர் ஏன் முதல் செலவு என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

புது டிவியில் படம் வருமா?

வரும், வராமலும் போகலாம். இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்திய டிவி முறை பால் (காபியில் ஊற்றும் பால் இல்லை). அதில் நொடிக்கு 50 படம் வர வேண்டும். கமடோர் 64 அனுப்புவது சரியாக 50 இல்லை, 50.12. பழைய டப்பா டிவி இதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் சில புது டிவிகள் "நோ சிக்னல்" என்று கையை விரித்துவிடும்.

மலிவான எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்களில் படம் வந்தாலும் மங்கலாக இருக்கும், ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் சற்றுத் தாமதமாக நகரும். பழைய கேம் மெஷின்களுக்கென்றே செய்யப்பட்ட ரெட்ரோடிங்க் மாதிரியான கன்வெர்ட்டர்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எஸ்-வீடியோ கேபிள் பயன்படுத்துங்க. நிறமும் வெளிச்சமும் தனித்தனி வயரில் வருவதால் எழுத்து பளிச்சென்று இருக்கும். வீட்டில் பழைய டப்பா டிவி இன்னும் உயிரோடு இருந்தால், தயவுசெய்து காயலான் கடையில் போட்டுவிடாதீங்க. இந்த மெஷினுக்கு அதைவிடப் பொருத்தமான திரை வேறில்லை.

அந்தச் சத்தம்

கமடோர் 64-ஐ இன்றைக்கும் பேச வைப்பது அதன் ஒலிச் சிப், 'சிட்'. வடிவமைத்தவர் பாப் யானஸ். ஒரே நேரத்தில் மூன்று குரல், அதோடு ஒரு ஃபில்டர். கம்ப்யூட்டர்கள் 'பீப்' மட்டும் போட்ட காலத்தில் இது ஒரு சின்தசைசர். யானஸ் பிறகு என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார்.

சிட் சிப் இப்போது தயாரிப்பில் இல்லை. அதனால் விலை ஏறிக்கொண்டே போகிறது, கூடவே போலிகளும். ஏதோ ஒரு பழைய சிப்பின் நம்பரைச் சுரண்டிவிட்டு 6581 என்று அச்சடித்து விற்கிறார்கள். இணையத்தில் சந்தேகமான மலிவு விலையில் 'ஒரிஜினல்' வாங்குவதற்குப் பதில், 'ஆர்ம்சிட்' போன்ற நவீன மாற்றுச் சிப்பை வாங்கலாம். காதுக்கு நுணுக்கமான வித்தியாசம் தெரிபவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

வைஃபை போட்டால் யூடியூப் பார்க்கலாமா?

முடியாது. இன்றைய இணையதளங்களின் பாதுகாப்புக் குறியாக்கத்தைத் திறக்கவே இந்த மெஷினுக்குத் திராணி கிடையாது.

பின்னே எதற்கு வைஃபை? பின்பக்க யூசர் போர்ட்டில் மாட்டும் வைஃபை மோடம், மெஷினிடம் தன்னைப் பழைய டெலிபோன் மோடம் என்று சொல்லிக்கொள்ளும். போன் நம்பருக்குப் பதில் இணைய முகவரியை டயல் பண்ணலாம். 1980-களில் இருந்த 'புல்லட்டின் போர்டு'கள் பல இன்றும் இணையத்தில் உயிரோடு இருக்கின்றன. 40 எழுத்து அகலத் திரையில், எழுத்தாலேயே வரைந்த படங்களோடு, வரி வரியாக ஒரு பக்கம் இறங்கும்.

தமிழ் வருமா?

இது எங்களுக்கே ஆர்வமான கேள்வி. பெட்டியில் தமிழ் கிடையாது. ஆனால் எழுத்து வடிவங்களை நாமே மாற்றிக்கொள்ள வீடியோ சிப் இடம் தருகிறது. 53272 என்ற முகவரியில் ஒரு எண்ணை மாற்றினால், நாம் வரைந்த எழுத்துகளைக் காட்டத் தொடங்கும்.

மொத்தம் 256 வடிவங்களுக்கு இடம். 247 எழுத்தும் தனித்தனியாக வேண்டியதில்லை. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி நான்கையும் தனியாக வைத்துக்கொண்டு, உயிர், மெய், அகர வரிசை, இகர ஈகார உகர ஊகார வரிசைகளை மட்டும் வரைந்தால் 125 அளவில் முடிந்துவிடும். தாராளமாக இடம் இருக்கு. கட்டம்தான் சின்னது: 8-க்கு 8 புள்ளி. அதில் 'ட'வும் 'ப'வும் அழகாக உட்காரும். 'ணூ' உட்காராது. அந்த மாதிரி எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டம் போட்ட நோட்டும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

பழசே இல்லாதவர்களுக்கு?

செலவில்லாத வழி, 'வைஸ்' என்ற இலவச எமுலேட்டர். லேப்டாப்பிலேயே கமடோர் 64 ஓடும். பிடித்திருக்கா என்று பார்க்க இதுவே போதும்.

கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு 2025-ல் ஒரு புதிய வழி வந்தது. யூடியூபில் பெரி ஃப்ராக்டிக் என்ற பெயரில் அறியப்படும் கிறிஸ்டியன் சிம்ப்சன் தலைமையிலான குழு கமடோர் பெயரை வாங்கி, 'கமடோர் 64 அல்டிமேட்' என்ற மெஷினை அறிவித்தது. அறிமுக விலை 299.99 டாலரில் இருந்து. முன்பு சொன்ன கிடியோனின் வடிவமைப்புதான் உள்ளே. பழைய சிப்புகளின் வேலையை ஒரே நவீன சிப் செய்கிறது. எச்டிஎம்ஐ உண்டு, பழைய கார்ட்ரிட்ஜும் டிஸ்க் டிரைவும் மாட்டலாம். இறக்குமதி வரியையும் கூரியரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்க.

கடைசியாக, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு பலர் செய்யும் தப்பு ஒன்று. கார்ட்ரிட்ஜோ ஜாய்ஸ்டிக்கோ மாட்டும் முன் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. ஜாய்ஸ்டிக் துளையின் ஊசிகள் நேராக 'சிஐஏ' என்ற சிப்புக்குப் போகின்றன. நடுவில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. விரலில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே அது போய்விடலாம். அதே ஒன்பது ஊசி என்பதால் சேகா மெகா டிரைவ் கண்ட்ரோலரும் அதில் பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காக நேரடியாகச் செருகாதீங்க, அதற்கென்று அடாப்டர் இருக்கு.